பூனைக்குக் கொரோனா டெஸ்ட்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

பூனை வளர்க்கும் வீடுகளில் கொரோனா டெஸ்ட் எடுப்பதா என்ற கேள்வி பெரும்பாலும் மூன்று சமயங்களில் வரும். புதுக் குட்டி ஒன்றைக் கொண்டுவரும்போது. வீட்டில் ஒரு பூனை, இந்த வைரஸ் உருமாறி வரும் எஃப்.ஐ.பி. என்ற கொடிய நோய் வந்து செத்துப்போய், மிச்சம் இருப்பவை என்ன ஆகுமோ என்ற பயம் பிடிக்கும்போது. அல்லது, குட்டியின் வயிறு உப்பி, காய்ச்சல் விடாமல் அடிக்கும்போது. மூன்றுக்கும் 'கொரோனா டெஸ்ட்' என்று ஒரே பெயரைச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றிலும் நாம் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு, எடுக்க வேண்டிய டெஸ்டும் வேறு. சில வீடுகளில் எதையும் எடுக்காமல், அந்தப் பணத்தில் லிட்டர் தட்டு (பூனை மலம் கழிக்கும் மண் தட்டு) இரண்டு கூடுதலாக வாங்கி வைப்பதே நல்லது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

இது கோவிட் அல்ல, அதை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். கோவிட் வைரஸ் பூனை இனத்துக்கும் வரும் என்பது உண்மை. 2021 ஜூனில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் சிங்கங்களுக்குத் தொற்றி, நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது பலருக்கு நினைவிருக்கும். வீட்டுப் பூனைகளுக்கு அது பெரும்பாலும் மனிதரிடமிருந்து தொற்றி, லேசாக வந்து போய்விடுகிறது. இங்கே பேசுவது பூனைகளுக்கே உரிய வேறொரு கொரோனா வைரஸைப் பற்றி. அது குடலில் வாழும், மலத்தில் வெளியேறும், இன்னொரு பூனையின் வாய் வழியாக உள்ளே போகும். மனிதருக்குத் தொற்றாது.

பூனைகள் கூட்டமாக வாழும் வீடுகளிலும் காப்பகங்களிலும் இது கிட்டத்தட்ட எல்லாப் பூனைக்கும் வந்து போயிருக்கும். வந்தால் ஒன்றும் தெரியாது, மிஞ்சிப் போனால் சில நாள் வயிற்றுப்போக்கு. ஆனால் தொற்றியவற்றில் சிறு பங்குக்கு, நூற்றில் 10க்கும் குறைவானவற்றுக்கு, உடலுக்குள்ளேயே வைரஸ் உருமாறி, குடலை விட்டு ரத்த வெள்ளணுக்களுக்குள் புகுந்து எஃப்.ஐ.பி. என்ற நோயாகிறது. வயிற்றிலோ நெஞ்சிலோ நீர் கோக்கும். அல்லது நீரே இல்லாமல் கண், மூளை, சிறுநீரகம் கெடும். பெரும்பாலும் 2 வயதுக்குள் இருக்கும் பூனைகளுக்கு. இந்த நோயை 1963இல் பாஸ்டன் நகரின் கால்நடை மருத்துவர் ஜீன் ஹோல்ஸ்வொர்த் முதலில் விவரித்தார். அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேல், வந்தால் சாவுதான் என்றே இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, குடலில் இருக்கும் சாதாரண வைரஸும் உருமாறிய வைரஸும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும் என்பது. டெஸ்ட் குழப்பங்கள் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

ஆண்டிபாடி டெஸ்டை எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் இந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்பணு இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. கிளினிக்கிலேயே கிட் வைத்துச் செய்வதும் உண்டு, லேபுக்கு அனுப்புவதும் உண்டு. இது வாசலில் செருப்புத் தடம் பார்ப்பது மாதிரி: ஆள் வந்தார் என்று தெரியும்; உள்ளே இருக்கிறாரா, போய்விட்டாரா, என்ன நோக்கத்தில் வந்தார் என்று தெரியாது. பாசிட்டிவ் வந்த ஆரோக்கியமான பூனைகளில் சுமார் மூன்றில் ஒன்றுதான் அந்தச் சமயத்தில் வைரஸை வெளியேற்றிக்கொண்டிருக்கும். ஆனால் நெகட்டிவ் வந்தால் அது பெரிய தகவல். எதிர்ப்பணுவே இல்லாத ஆரோக்கியமான பூனை வைரஸை வெளியேற்றுவது அரிது. தொற்றிய பிறகு எதிர்ப்பணு உருவாக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும் என்பதால், புதிதாக வந்த பூனையை 3, 4 வாரம் தனி அறையில் வைத்துவிட்டுப் பார்த்தால்தான் அந்த நெகட்டிவை நம்பலாம்.

இந்த டெஸ்டைத் தவறாகப் பயன்படுத்துவது எங்கே என்றால், நோயுற்ற குட்டியிடம். ஆண்டிபாடி பாசிட்டிவ், உடனே காகிதத்தில் 'எஃப்.ஐ.பி. பாசிட்டிவ்' என்று எழுதிவிடுகிறார்கள். எஃப்.ஐ.பி.க்கென்று தனி ஆண்டிபாடி கிடையாது. சில கிட்டுகளின் பெட்டியிலேயே எஃப்.ஐ.பி. என்று அச்சிட்டிருப்பதால், எழுதுபவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பல பூனைகள் உள்ள வீட்டிலிருந்து வந்த எந்தக் குட்டியைப் பிடித்துச் சோதித்தாலும் பாசிட்டிவ் வர வாய்ப்பு அதிகம். அதன் காய்ச்சலுக்குக் காரணம் முற்றிலும் வேறாக இருக்கலாம். மருந்து வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் இந்த ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு எத்தனை பூனைகளைக் கருணைக்கொலை செய்திருப்பார்களோ.

அடுத்தது மலத்தில் பி.சி.ஆர். இது வைரஸையே தேடுவது. ஆரோக்கியமான பூனை இப்போது வைரஸை வெளியேற்றுகிறதா என்ற கேள்விக்கு நேரான பதில் இதில்தான் கிடைக்கும். பட்டாணி அளவு புது மலம் போதும், பூனையைக் குத்த வேண்டியதில்லை. லிட்டர் மண் ஒட்டாமல் எடுத்தால் நல்லது, சில வகை மண் சோதனையைக் கெடுத்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், பல பூனைகள் விட்டுவிட்டுத்தான் வைரஸை வெளியேற்றும். இந்த வாரம் இருக்கும், அடுத்த மாதம் இருக்காது, அப்புறம் திரும்ப வரும். ஒரு நெகட்டிவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வெளியேற்றுவது நின்றுவிட்டது என்று சொல்ல, மாதம் ஒருமுறையாக 4, 5 மாதம் தொடர்ந்து நெகட்டிவ் வர வேண்டும். 9 மாதத்துக்கு மேல் தொடர்ந்து பாசிட்டிவ் என்றால், ஆயுளுக்கும் அதைச் சுமக்கும் பூனையாக இருக்கலாம். அப்படிப்பட்டவை கொஞ்சம்தான், ஆனால் உண்டு. இப்போது கணக்குப் போடுங்கள். வீட்டில் 4 பூனை, 5 மாதம்: 20 டெஸ்ட். அதன் முடிவில் என்ன செய்யப் போகிறோம்? வெளியேற்றும் பூனையை ஒரு அறையிலும் மற்றவற்றை வேறு அறையிலும் ஆண்டுக்கணக்கில் பிரித்து வைக்க முடிந்தால் 20 டெஸ்டுக்கும் அர்த்தம் உண்டு. இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் அது நடக்கிற காரியமா என்று அவரவர் வீட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிரிக்கப் போவதில்லை என்றால், பாசிட்டிவோ நெகட்டிவோ நாளை காலை செய்யப் போவது ஒன்றேதான்: தட்டை அள்ளிச் சுத்தம் செய்வது.

கிளினிக்குகளில் மலத்தை வைத்துப் பத்து நிமிடத்தில் சொல்லும் ஆண்டிஜன் கிட்டுகளும் இருக்கின்றன, பெரும்பாலும் பான்லூகோபீனியா என்ற வேறொரு வைரஸ் நோய்க்கான சோதனையோடு சேர்ந்த இரட்டைக் கிட்டாக. பி.சி.ஆர். அளவுக்குக் குறைந்த வைரஸைப் பிடிக்காது. அதில் நிஜமான பயன் பான்லூகோபீனியா கோட்டுக்குத்தான். வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வரும் குட்டிக்கு அது உயிர் போகும் அவசரம். பக்கத்தில் கொரோனா கோடும் விழுந்தால் பதற வேண்டாம்.

ஆரோக்கியமான பூனைக்கு ரத்தத்தில் பி.சி.ஆர். எடுப்பதை விட்டுவிடலாம். நன்றாக இருக்கும் பூனைகளின் ரத்தத்திலும் இந்த வைரஸ் தென்படுவது உண்டு, எஃப்.ஐ.பி. இருக்கும் பூனையின் ரத்தத்தில் இல்லாமல் போவதும் உண்டு. இரண்டு பக்கமும் ஏமாற்றும் டெஸ்ட் எதற்கு?

நோயுற்ற பூனையின் கதையே வேறு. அங்கே 'கொரோனா இருக்கிறதா' என்பது கேள்வியே அல்ல. 'இது எஃப்.ஐ.பி.யா' என்பதுதான் கேள்வி. வயிற்றிலோ நெஞ்சிலோ நீர் இருந்தால், ஒருவகையில் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன், ஏனென்றால் விடை பெரும்பாலும் அந்த நீரிலேயே இருக்கிறது. எஃப்.ஐ.பி. நீர் மஞ்சளாக, பிசுபிசுவென்று, புரதம் நிறைந்து, அணுக்கள் குறைவாக இருக்கும். ரிவால்டா சோதனை என்று ஒன்று உண்டு. ஒரு சோதனைக் குழாயில் 8 மில்லி காய்ச்சி வடித்த நீர், அதில் ஒரு துளி அடர் அசிட்டிக் அமிலம், கலக்கிவிட்டு மேலே நோயாளியின் நீர் ஒரு துளி. துளி கரைந்துவிட்டால் எஃப்.ஐ.பி.யாக இருக்க வாய்ப்பு குறைவு. கரையாமல் உருவம் மாறாமல் தொங்கினாலோ மெல்ல இறங்கினாலோ பாசிட்டிவ். செலவு என்று எதுவும் இல்லை. பாசிட்டிவை மட்டும் முழுதாக நம்பக் கூடாது. வயிற்றுக்குள் பாக்டீரியா தொற்று இருந்தாலும், சில புற்றுநோய்களிலும் இதே மாதிரி தொங்கும். நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

அதோடு ரத்தத்திலோ நீரிலோ ஆல்புமின், குளோபுலின் என்ற இரண்டு புரதங்களுக்கு இடையே உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள். 0.8க்கு மேல் என்றால் எஃப்.ஐ.பி. இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, 0.4க்குக் கீழே என்றால் சந்தேகம் பலக்கிறது. இடையில் இருப்பது இழுபறி. சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே வந்துவிடும் எண் இது. ஆனால் ரிப்போர்ட்டை வாங்கி ஃபைலில் வைத்துவிட்டு, இதைக் கவனிக்காமல் ஆண்டிபாடி டெஸ்டுக்கு ஓடுபவர்கள் அதிகம். இதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் அந்த நீரில் பி.சி.ஆர். எடுக்கலாம். மலத்தில் கிடைத்த வைரஸுக்கு இல்லாத எடை, வயிற்று நீரில் கிடைத்த வைரஸுக்கு உண்டு. திசுவை எடுத்து அதிலுள்ள வெள்ளணுக்களுக்குள் வைரஸைச் சாயமிட்டுக் காட்டுவதுதான் கடைசி வார்த்தை. ஆனால் துவண்டு கிடக்கும் குட்டியை அதற்காக மயக்க மருந்து கொடுத்து அறுப்பதா என்று மருத்துவரே தயங்குவார். நீர் இல்லாத எஃப்.ஐ.பி.யில்தான் நிஜமான கஷ்டம். வயது, காய்ச்சல், கண், ரத்தம் என்று துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்கு இப்போது பலன் இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஜிஎஸ்-441524 என்ற மருந்து கொடுத்த 31 பூனைகளில் 25 நீண்ட நாள் பிழைத்தன. 2021 ஏப்ரலில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் மக்கள் வரிசையில் நின்று வாங்கிய ரெம்டெசிவிர் இதன் நெருங்கிய உறவு. உடலுக்குள் போனதும் அது பெருமளவு இந்த ஜிஎஸ்ஸாகத்தான் மாறுகிறது. ஜிஎஸ் மருந்து பிரிட்டனில் 2021 முதல், அமெரிக்காவில் 2024 ஜூன் முதல் மருத்துவர் சீட்டோடு முறையாகக் கிடைக்கிறது. வழக்கமாக 84 நாள் கொடுக்கிறார்கள். நீர் கோத்த வகைக்கு 42 நாளே போதும் என்று ஜெர்மனியில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. ஆகவே நோயுற்ற பூனைக்குப் பணம் செலவழிக்க யோசிக்க வேண்டாம். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் ஆரோக்கியமான பூனைகளின் டெஸ்ட்.

தடுப்புக்கு வருவோம். 'தடுப்பூசி போட்டாச்சே' என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நம் ஊரில் வழக்கமாகப் போடும் மூன்று நோய்த் தடுப்பூசி பான்லூகோபீனியா, ஹெர்பிஸ், கலிசி ஆகிய மூன்றுக்கானது. அட்டையில் எஃப்.சி.வி. என்று இருப்பது கலிசி, கொரோனா அல்ல. நாய்களுக்குப் போடும் சில ஊசிகளில் கொரோனா என்று இருக்கும், அது நாய்க்கானது. பூனைக் கொரோனாவுக்கென்று ஒரு தடுப்பு மருந்து 1991இல் அமெரிக்காவில் வந்தது, மூக்கில் விடுவது. 16 வாரம் ஆன பிறகுதான் கொடுக்கலாம். கூட்டமாக வாழும் இடங்களில் குட்டிகளுக்கு அதற்குள்ளேயே தொற்றிவிடும். ஏற்கெனவே தொற்றிய பூனைக்கு அதனால் பயனும் இல்லை. போதாததற்கு, அது இரண்டாம் வகை வைரஸிலிருந்து செய்யப்பட்டது. உலகின் பெரும்பகுதியில் பரவியிருப்பது முதல் வகை. அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கமே அதைப் பரிந்துரைப்பதில்லை. யாராவது வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

ஆரோக்கியமான பூனைகளுக்கே ஜிஎஸ் மாத்திரையைச் சில நாள் கொடுத்து வைரஸ் வெளியேறுவதை நிறுத்திவிடலாம் என்ற யோசனையும் உலவுகிறது. ஸ்காட்லாந்தின் டயான் ஆடி, இந்த வைரஸிலேயே பல பத்தாண்டுகள் உழைத்தவர், தன் குழுவோடு இதைச் செய்து காட்டியிருக்கிறார். சில நாள் மருந்திலேயே மலத்தில் வைரஸ் நின்றுபோனது. அவர் மீது மரியாதை உண்டு. ஆனாலும் சாதாரண வீட்டில் இதைச் செய்வதற்கு எனக்கு உடன்பாடு இல்லை. எல்லாப் பூனைக்கும் ஒரே சமயத்தில் கொடுத்து, அதற்குப் பின் மாதக்கணக்கில் மலம் சோதித்து, புதுப் பூனை எதையும் உள்ளே விடாமல் காக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் மறுபடி முதலிலிருந்து. அரைகுறையாகக் கொடுத்து மருந்துக்கு அசையாத வைரஸ் உருவாகிவிட்டால், எஃப்.ஐ.பி. வந்த குட்டிக்குக் கொடுக்க வேறு என்ன வைத்திருக்கிறோம்? மூடிய பூனைப் பண்ணை நடத்துபவர் மருத்துவரின் கண்காணிப்பில் செய்தால் அது வேறு விஷயம்.

மிஞ்சுவது லிட்டர் தட்டு. கேட்கச் சப்பென்றுதான் இருக்கும், ஆனால் வைரஸ் ஒரு பூனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதை இதுதான். ஒரே தட்டைப் பகிர்வது, காலில் ஒட்டிய மண்ணை நக்குவது, மண் சிதறிய இடத்தில் சாப்பாட்டுக் கிண்ணம். ஆகவே பூனைகளின் எண்ணிக்கையை விட ஒரு தட்டு அதிகம், சாப்பாட்டிலிருந்து தள்ளி வேறு அறையில், தினமும் ஒருமுறையாவது அள்ள வேண்டும், இரண்டு முறை என்றால் இன்னும் நல்லது. காய்ந்த இடத்தில் இந்த வைரஸ் 7 வாரம் வரை தாக்குப்பிடிக்கும், ஆனால் சோப்புக்கும் ப்ளீச்சுக்கும் எளிதில் சாகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி ப்ளீச் போதும். தட்டில் மூத்திரம் இல்லாமல் கழுவிவிட்டு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கண் எரியும் வாயு கிளம்பும். பிறகு நன்றாக அலசிக் காய வைக்க வேண்டும். ஃபினாயிலும் டெட்டாலும் கூடவே கூடாது. பீனால் வகைகளை உடைத்து வெளியேற்ற பூனையின் ஈரலுக்கு முடியாது, காலில் பட்டதை நக்கியே விஷம் ஏறிவிடும்.

மண்ணிலும் வித்தியாசம் இருக்கிறது. முகத்துக்குப் பூசும் முல்தானி மிட்டி வகைக் களிமண்ணால் ஆன லிட்டர், ஆய்வகத்தில் வைரஸைப் பிடித்து வைத்துக்கொண்டது. அதற்காக கடையில் பொட்டலம் வாங்கி வந்து தட்டில் கொட்டிவிடாதீர்கள், அந்தத் தூசு பூனையின் மூச்சுக்கு ஆகாது. நல்ல மண் தொற்றைக் குறைக்க உதவலாம், அள்ளாமல் இருப்பதற்கு ஈடாகாது. வெளியே போய்த் தோட்டத்தில் தோண்டிப் புதைத்துவிட்டு வரும் நாட்டுப் பூனைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. வெளியே விடுவதில் வண்டியும் நாயும் இருப்பதால் அதை ஒரு வழியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தட்டுக்கு இணையான இன்னொன்று எண்ணிக்கை. மூன்று நான்கு பூனைக்குள் உள்ள வீட்டில் புதிது எதுவும் வராமல் இருந்தால், வைரஸ் தானாகவே மறைந்துபோகக் கூடும். 10க்கு மேல் என்றால் சுற்றிச் சுற்றி ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொண்டே இருக்கும், அங்கே டெஸ்ட் எடுப்பது வீண். மீட்புப் பூனைகளை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்வது கஷ்டம்தான். ஆனால் ஒரே ஹாலில் 12 பூனை இருப்பதை விட, மூன்று அறைகளில் நாலு நாலாகப் பிரித்து, குழுவை அடிக்கடி மாற்றாமல் வைப்பது பாதி வேலையை முடித்துவிடும். நெருக்கடியும் இடமாற்றமும் நோயைத் தூண்டும் என்பதால், புதுக் குட்டி வந்த அதே வாரத்தில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், ஊருக்குப் போக ஹாஸ்டலில் விடுவது என்று எல்லாவற்றையும் அடுக்க வேண்டாம்.

சரி, யார் என்ன செய்வது? வீட்டில் ஒரே பூனை, நன்றாக இருக்கிறது: எந்த டெஸ்டும் வேண்டாம். ஒன்றிரண்டு பூனை உள்ள வீட்டுக்குப் புதிது வருகிறது: 4 வாரம் தனி அறை, கடைசியில் பழையவை, புதியது எல்லாவற்றுக்கும் ஒரு ஆண்டிபாடி டெஸ்ட். உங்கள் பூனைகள் நெகட்டிவ், வந்தது பாசிட்டிவ் என்றால் மட்டும் மலத்தில் பி.சி.ஆர். எடுத்துப் பார்க்கலாம். உங்களுடையதே பாசிட்டிவ் என்றால் புதுக் குட்டிக்குத்தான் ஆபத்து. ஒரு வயதுக்குக் குறைவான குட்டிக்குப் பதில் வளர்ந்த பூனையாகப் பார்த்து எடுப்பது நல்லது. எஃப்.ஐ.பி.யில் ஒன்று போன வீட்டில் மற்றவற்றுக்கு டெஸ்ட் எடுப்பதால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அவை அதே வைரஸை ஏற்கெனவே சந்தித்திருக்கும், பெரும்பாலானவை நோயில்லாமல் பிழைத்துக்கொள்ளும். உருமாறிய வைரஸ் பொதுவாக அடுத்த பூனைக்குத் தொற்றாது. வேறு பூனையே இல்லாத வீடு என்றால், இரண்டு மாதம் கழித்து அடுத்ததைக் கொண்டுவரலாம்.

பெர்ஷியன் பூனைகளைக் குட்டி போட வைத்து விற்பவர்கள் மட்டும் டெஸ்டுக்குச் செலவழித்தே ஆக வேண்டும். தாய்ப்பால் வழி வரும் எதிர்ப்பணு குட்டியை 5, 6 வாரம் வரைதான் காக்கும். சினையான தாயை ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பே தனியறைக்கு மாற்றி, தாய் வைரஸை வெளியேற்றுகிறது என்று தெரிந்தால் 5, 6 வாரத்தில் குட்டிகளைப் பிரிக்கும் முறையை டயான் ஆடியும் ஆஸ்வால்ட் ஜாரெட்டும் 1992இல் எழுதினார்கள். பிரித்த குட்டிகளை மனிதர் நிறையத் தூக்கி விளையாட வேண்டும், இல்லாவிட்டால் மிரண்ட பூனையாக வளரும். 10 வாரத்துக்குப் பின் ஆண்டிபாடி பார்த்து, நெகட்டிவ் என்றால் அதைச் சொல்லி விற்கலாம். ஒரே ஜோடியின் குட்டிகளுக்கு எஃப்.ஐ.பி. வந்தால் அந்த ஜோடியை மறுபடி சேர்க்கக் கூடாது. குட்டி வாங்குபவர்கள் இதை நேராகவே கேட்கலாம்: இந்தத் தாயின் முந்தைய குட்டிகளில் ஏதாவது வயிறு வீங்கிச் செத்ததா?

மேலே 'பொதுவாகத் தொற்றாது' என்றதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு சைப்ரஸ். 2023 தொடக்கத்தில் அங்கே நிகோசியாவில் எஃப்.ஐ.பி. கிளம்பி, தீவு முழுக்க எல்லா வயதுப் பூனைகளையும் தாக்கியது. நாயின் கொரோனா வைரஸின் ஒரு துண்டைச் சேர்த்துக்கொண்ட புது வகை அது, எஃப்.கோவ்-23 என்று பெயரிட்டார்கள். இது நேரடியாகவே பூனைக்குப் பூனை பரவியதாகத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த ஆகஸ்டில் மனிதர்களுக்காக வாங்கி வைத்திருந்த கோவிட் மாத்திரைகளைப் பூனைகளுக்குக் கொடுக்க சைப்ரஸ் அரசு அனுமதித்தது. அங்கிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோன பூனை ஒன்றுக்கும் இந்த வகை இருந்தது தெரியவந்தது. ஆகவே, அந்தத் தீவிலிருந்து பூனையோடு குடிபெயர்பவர் யாராவது இருந்தால், இதுவரை சொன்ன சிக்கனம் அவருக்குப் பொருந்தாது. புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் காட்டி டெஸ்ட் பற்றிக் கேட்டுவிட்டு, வந்திறங்கியதும் மற்ற பூனைகளிடமிருந்து தள்ளி வைத்துவிட வேண்டும்.